தம்பி போன கார்

பழைய இரும்பு ஏற்றும் கார்த்திகேசு தன் லோரியின் சங்கிலியைக் காரில் மாட்டிவிட்டார். அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு, கையில் கரண்டியோடு ஓடிவந்த புனிதவதி லோரிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே, கழட்டுங்க. இதத் தொடக்கூடாதுன்னு வக்கீலு சொல்லியிருக்காரு."

"தாயம்மா அக்காதான் போன் அடிச்சாங்க. நான் என்னாம்மா செய்ய?"

மாமியார் தாயம்மா வாசலை விட்டு நகரவில்லை. அசாம் ஜாவா ரோட்டு வளைவில் இந்தக் கார் மரத்தில் மோதி, அவளுடைய இளைய மகன் லோகேஸ்வரன் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஓட்டியவன் மூத்தவன் குமரவேல், புனிதவதியின் கணவன். பிரேக் பிடிக்கவில்லை என்கிறான். நாளை கருமாதி. ரத்தம் குடித்த வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு மகனுக்குப் படைக்க மாட்டேன் என்று தாயம்மாவுக்குப் பிடிவாதம். கார் புதிதாக வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டியவளும் அவள்தான்.

வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் இஞ்சினியர் வந்து பிரித்துப் பார்ப்பார். பிரேக்கில் கோளாறு என்றால் கம்பெனி மீது வழக்குப் போடலாம். கார் போய்விட்டால் கேசும் போய்விடும். நஷ்ட ஈடு கிடக்கட்டும் என்றுதான் புனிதவதி நினைத்தாள். தம்பியைக் கொன்றவன் என்ற பெயரோடு அவள் புருஷன் இந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

"காரு மேல பழியப் போட்டு ஒம் புருஷன காப்பாத்தப் பாக்குறியா?"

"பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும் லா அத்தே, யாரு மேல பழின்னு."

கட்டுப்போட்ட காலோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்த குமரவேல் குரல் கொடுத்தான். "விடு புனிதா. தூக்கிட்டுப் போவட்டும்."

மிதித்தேன், மிதித்தேன் என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்து அழுதவன் இவன்தானே?

"நீங்கதானே பிரேக்கு புடிக்கலன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "இப்ப நெனச்சா... மிதிச்சேனான்னே தெரியல."

பிரித்துப் பார்த்து, பிரேக் நன்றாகவே இருந்துவிட்டால் என்ற பயம் புனிதவதிக்கு வந்தது. லோரிக்கு முன்னாலிருந்து விலகினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவள் விலகினாள்.

"கழட்டு கார்த்திகேசு" என்றாள் தாயம்மா.

"யக்கா, நீங்கதானே..."

"கழட்டுன்னேன். எம் புள்ள எதனால செத்தான்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு இது இங்கேயே நிக்கட்டும். நான் படைக்கிறேன்."

சங்கிலி தரையில் விழுந்தது. தாயம்மா தார்ப்பாயை இழுத்துக் காரை மூடி, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்தாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைக் காரோரம் போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். புனிதவதி கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது. உள்ளே குமரவேல் ஜன்னலைச் சாத்தினான்.