வண்டி போகிற அகலம்

அந்தச் சந்துக்கு முனிசிபாலிட்டி பெயர் எதுவும் வைக்கவில்லை. இரண்டு தெருக்களுக்கு நடுவே, வீடுகளின் முதுகுப்பக்கமாக ஓடியது. கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் வந்து போவதற்காகப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் விட்ட இடம். பீப்பாய் ஏற்றிய மாட்டு வண்டி அதில் தாராளமாகப் போகும். அந்த வண்டி போன காலமெல்லாம் அங்கே ஓரடி மண்ணுக்கு ஆசைப்பட்டவர் ஒருவரும் இல்லை. பின்கதவைத் திறக்க நேர்ந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறந்தார்கள். எண்பதாம் வருஷத்தை ஒட்டி அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை வந்தது. வாளி நின்றது, வண்டி நின்றது. இரண்டு மழைக்காலம் போய்ச் சந்து கழுவிக்கொண்டதும் எல்லோருக்கும் கண் திறந்துவிட்டது. அடடா, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!

சும்மா கிடக்கவில்லை. தனக்கொடியின் குடும்பத்துக்கு வாசல் அந்தச் சந்தில்தான் இருந்தது.

ஆதியில் அப்படி இல்லை. அவள் புருஷன் கலியமூர்த்தியும் அவனுடைய அண்ணனும் அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டபோது முன்கட்டு அண்ணனுக்கும் பின்கட்டு தம்பிக்கும் வந்தது. பின்கட்டுக்காரர் முன்கட்டு நடை வழியாகப் போய்வர உரிமை எழுத வேண்டாமா என்று, பத்திரம் எழுதிய நொத்தேர் கேட்டிருக்கிறார். கூடப் பிறந்தவனிடம் வழி எழுதி வாங்குவதா என்று கலியமூர்த்திக்கு வெட்கம். எழுதித்தான் தம்பிக்கு வழி விடவேண்டுமா என்று அண்ணனுக்கு ரோஷம். நான் இருக்கிறவரைக்கும் உனக்கு வழி இருக்குடா என்று சொல்லிவிட்டார், அதோடு முடிந்தது. அவர் இருந்தவரைக்கும் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த மறுவருஷம் அண்ணி ராஜாம்பாள் அந்த நடையை ஒரு டெய்லருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. வரும்படி இல்லாத வீடு. நடை சும்மா கிடக்கிறதே என்று அவளுக்கும் தோன்றியிருக்கும்.

அன்றிலிருந்து பின்கதவே வாசலாயிற்று. மனிதர்கள் எப்படியும் புகுந்து புறப்பட்டுவிடலாம். வண்டி அப்படி இல்லை. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்த கலியமூர்த்தி, தள்ளுவண்டியில் காய்கறி விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினான். விடிகிற நேரத்துக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருவான். மத்தியானம் மிச்சச் சரக்கோடு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புவான். வண்டியை ஒருமுறை முன்தெருவில் நிறுத்திவைத்தான், காலையில் ஒரு சக்கரத்தைக் காணவில்லை. இன்னொரு முறை முனிசிபாலிட்டி லாரி வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் வண்டி பின்கட்டு முற்றத்தில்தான் படுத்தது. மனிதர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

முற்றத்தில் வண்டி நின்றால் வேறெதற்கும் இடமில்லை. குழாயும் புதுக் கக்கூஸும் போக மிஞ்சிய மூலையில் தனக்கொடி ஒரு பழைய புடவையைக் கட்டி, அதன் மறைவில், விடியுமுன்னே குளித்து எழுந்துவிடுவாள். எதிர்வரிசையில் சைக்கிள் கடைக்காரர் ஆதிமூலத்தின் மாடி ஜன்னல் இருந்தது. அவர் பார்க்கிற ஆள் இல்லைதான், ஆனால் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே! வீட்டில் இரண்டு பெண்கள் வேறு வளர்ந்துகொண்டிருந்தார்கள். வாளி வண்டி நின்றதும் தனக்கொடி புருஷனைப் பிடித்து உலுக்கினாள். பின்கதவை ஒட்டிச் சந்துக்குள் ஒற்றைக்கல் சுவர் எழும்பியது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் முதல் தடவையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்று, வெளியே வர மனசில்லாமல் இன்னொரு வாளி பிடித்து ஊற்றிக்கொண்டாள். உலகத்தில் அவளுக்கென்று ஒரு இடம் வந்துவிட்டது.

வந்தது வினை. தனக்கொடி கட்டியதை யாரும் கேட்கவில்லையே என்று ஆதிமூலம் அடுப்படியை வெளியே தள்ளினார். ஆதிமூலத்தைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. ஆனால் அந்தச் சந்துக்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். கலியமூர்த்தியின் பிழைப்பில் கைவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் அவர்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. சுவர் வைக்கிறவர் முதலில் கயிறு கட்டுவார். பிறகு கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, வண்டியைக் கொஞ்சம் கொண்டுவாயேன் என்பார். அவன் வெறும் வண்டியைக் கயிற்றுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே உருட்டிக்கொண்டு போவான். முட்டாமல் போனால், போதும் என்று தலையை ஆட்டுவான். அவனுக்கு ஒரு டீ வரும், மறுநாள் கடைக்கால் தோண்டுவார்கள். இன்ஜினியர் மாதிரி ஒரு மிதப்புகூட அவனுக்கு வந்துவிட்டது. தன் வீட்டு வாசலைத் தானே அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. மாட்டு வண்டி போன சந்து இப்படித் தள்ளுவண்டிச் சந்தாகக் குறுகியது.

சந்தின் மறுகோடியை எந்தக் காலத்திலோ ஒரு அரிசி மண்டிக்காரரின் கோடவுன் முழுசாக விழுங்கிவிட்டிருந்தது. வெளியே போக ஒரே வாய். அந்த வாயில் ஜானகிராமனின் வீடு. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவர்தான். எண்பத்தி நாலில் மகனுக்காகச் சந்துக்குள் ஒரு அறை கட்ட ஆரம்பித்தார். அவரும் முறைப்படி வண்டியைக் கூப்பிட்டார். ஒரு விரற்கடை இடைவெளியில் வண்டி போயிற்று. கலியமூர்த்தி போதும் என்றான். எல்லோரும் டீ குடித்தார்கள்.

பூச்சு என்று ஒன்று இருப்பதை அங்கே நின்ற ஒருவரும் நினைக்கவில்லை. கட்டிய சுவர் செங்கல் தெரிய நிற்குமா? கொத்தனார் வந்து சாந்து அப்பினார். அதோடு போயிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். சாந்து மிஞ்சியது, எதிர்வீட்டுச் சுவர் பாழடைந்து கிடக்கிறதே என்று ஜானகிராமன் பெரிய மனசு பண்ணி அதற்கும் பூசிவிடச் சொன்னார். மறுநாள் விடியலில் வண்டியின் அச்சு முனை இரண்டு பக்கமும் ஈரப் பூச்சில் கடித்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒருபக்கமாகச் சாய்த்துத் தூக்கி வெளியே எடுத்தான். வெறும் வண்டியைச் சாய்க்கலாம், தக்காளியோடு சாய்க்க முடியுமா?

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி ஜானகிராமனிடம் போய்ப் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிடச் சொன்னான். போனவன் சிரித்த முகத்தோடு திரும்பினான். இப்போது கொத்தினால் புதுச்சுவர் விரிசல் விட்டுவிடுமாம், கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமாம். அதைவிட நல்ல சேதி ஒன்று சொன்னாராம். பயன்படாத சந்துகளை இருபக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பாதிப்பாதி விற்றுவிட முனிசிபாலிட்டியில் யோசிக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து மனு போடலாம் என்றாராம். இவனும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"குளிக்கிற ரூமு நமக்கே சொந்தமாயிடும் கொடி. யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றான்.

"வழி?" என்றாள் தனக்கொடி.

"அவரு உயிரோட இருக்கிறவரைக்கும் வழி விடறேன்னு சொல்லியிருக்காரு."

"உங்க அண்ணன் இன்னா சொன்னாரு?"

கலியமூர்த்தி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சந்து பாகமானால் இந்த வீடு நாலு பக்கமும் சுவர் வைத்த பெட்டி. அடுத்தவர் மண்ணை மிதித்துத்தான் ரேஷனுக்குப் போகவேண்டும், அடுத்தவர் மனசு வைத்தால்தான் பெண்கள் பள்ளிக்கூடம் போவார்கள், வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேரே ஜானகிராமன் வீட்டுக்குப் போய், மனுவைத் திருப்பி வாங்கச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், பொறுமையாகத்தான் கேட்டார்.

"இந்தச் சந்துல முதல்ல கை வச்சது யாரும்மா? உன்னைப் பாத்துத்தானே நாங்க எல்லாம் கட்டினோம்."

வாயுள்ள பொம்பளை என்று அந்தப் பக்கத்தில் பெயரெடுத்தவள் தனக்கொடி. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். உண்மையாக இருந்ததால் முகம் எரிய வீடு திரும்பினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த ஒற்றைக்கல் அறைக்குள் தண்ணீர்கூடப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாசம் முனிசிபாலிட்டியிலிருந்து சர்வேக்காரர் வந்தார். கையில் டேப்பு, கக்கத்தில் பழைய பிளான். மனுப் போட்டவர்கள் எல்லோரும் அவரவர் சுவரோரம் நின்றார்கள். இந்த வழியை யாராவது புழங்குகிறீர்களா என்று அவர் கேட்டார். எல்லோருக்கும் முன்தெருவில் வாசல் இருக்கிறது என்று ஜானகிராமன் எல்லோருக்குமாகப் பதில் சொன்னார். பிளானிலும் அப்படித்தான் இருந்தது. கலியமூர்த்தியின் அப்பா காலத்து வீடு அதில் இன்னும் முழு வீடாக, தெருவாசலோடு இருந்தது.

"எங்களுக்கு இதான் சார் வாசல்" என்று தனக்கொடி முன்னே வந்தாள். நடுக்கதவை அடைத்த கதையைச் சொன்னாள், சாய்த்துத் தூக்க வேண்டியிருக்கிற வண்டியைக் காட்டினாள். முன்கட்டுப் பின்சுவர்மேல் தலை தெரிய நின்ற ராஜாம்பாள், ஆமாம் சார், அடைச்சது நான்தான் என்று தானாகவே சொன்னாள். சர்வேக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு டேப்பை இழுத்தார். சந்தில் எல்லோரையும்விட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தகரக் கூரை போட்ட அந்த அறைதான்.

"இது யாருது?"

"என்னுது சார்."

"நீயே வழியில கட்டி வச்சிருக்க. அப்புறம் எப்பிடிம்மா வழின்னு கேக்கற?" என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

தனக்கொடி அந்த அறைக்குள் போனாள். வாளியை எடுத்து வெளியே வைத்தாள். சொம்பு, சோப்புப் பெட்டி, பெண்களின் பாவாடை காய்ந்த கொடிக்கயிறு, ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து கடப்பாரை வந்தது. கதவுப் பக்கத்துச் சுவரில் முதல் குத்து விழுந்தபோது கலியமூர்த்தி, ஏய் கொடி என்று கையை நீட்டினான். அவள் திரும்பவில்லை. நாலைந்து கல் பெயர்ந்த பிறகு அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தைப் பிரித்தான். சர்வேக்காரர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஆதிமூலத்தின் அடுப்படி நிழலில் ஒதுங்கினார். எழுப்ப ஒரு வாரம் ஆன ஒற்றைக்கல் சுவர் உச்சிவெயிலுக்குள் தரையோடு தரையானது.

புழுதி அப்பிய முகத்தோடு தனக்கொடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இப்பக் கேக்கறேன் சார். இது சந்து. எங்களுக்கு வழி."

ஜானகிராமன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேக்காரர் மறுபடி டேப்பை இழுத்து, புழக்கத்தில் உள்ள பொதுவழி, விற்கச் சிபாரிசு இல்லை என்று எழுதிக்கொண்டு, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போனார். அந்த மத்தியானம் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து கைகால் கழுவும்போதுதான் தனக்கொடி அழுதாள். சுவர் போனதற்காகக்கூட இல்லை, அந்தத் தாழ்ப்பாளுக்காக அழுதாள்.

அதோடு நியாயம் பிறந்து எல்லாச் சுவரும் விழுந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சந்தில் கட்டியதை இடிக்கச் சொல்லி எல்லோருக்கும் நோட்டீசு வந்தது. ஆதிமூலம், அந்தப் பொம்பளை முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அடுப்படியைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டார், மாடி ஜன்னலுக்கும் சாக்கு கட்டினார். மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டுக்குப் போன சுவர் சுலபத்தில் விழாது. ஜானகிராமன் அறையை இடிக்கவில்லை. கொத்தனாரை வைத்து இரண்டு பக்கப் பூச்சையும் செங்கல் தெரியக் கொத்திவிட்டார். தனக்கொடிக்குக் கிடைத்தது அந்தப் பூச்சுக் கனம்தான். வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. வழி யார் தயவிலும் இல்லை என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பழைய புடவை மறுபடி முற்றத்து மூலையில் ஏறியது. விடியுமுன் தாயும் பெண்களும் முறைவைத்துக் குளித்தார்கள். பெரியவளுக்கு அதில் வருத்தம்தான்.

இடித்த அறையின் சிமெண்டுத் தரை மட்டும் சந்தில் நாலு விரல் உயரத்துக்கு மேடாக நின்றது. காலையில் கலியமூர்த்தி வண்டியைக் கிளப்பும்போது சக்கரம் அதில் ஏறி, தடக்கென்று இறங்கும். புடவைக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது நன்றாகக் கேட்கும். அவள் குளித்த இடத்தின்மேல் தினமும் வண்டி ஏறிப்போகிறதே என்று கலியமூர்த்திக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரையைப் பெயர்த்துவிடலாம் என்று கடப்பாரையை எடுத்தான்.

"இருக்கட்டும், உடுங்க" என்றாள் தனக்கொடி. "வண்டி வெளிய போயிடுச்சுன்னு எனக்குத் தெரியணும்."