பீரோவோடு வந்த சங்கிலி

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருந்த அமீர், கீழ் கோத்தகிரியிலிருந்து வாங்கி வந்த இரும்பு பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மலை ஈரத்தில் அதன் அடித்தகடு அரித்துப்போயிருந்தது. உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. லாக்கரின் இழுப்பறையைக் கழற்றிவிட்டு, பின்பக்க இடுக்கில் கம்பியை விட்டு நெம்பினான். ஒட்டடையோடு ஒரு தங்கச் சங்கிலி வந்து விழுந்தது. அதில் ஒரு பவுன் காசு கோத்திருந்தது. காசின் பின்புறம் ‘வீ’ என்று வெட்டியிருந்தது.

“பீரோவ வாங்கியாச்சு. உள்ள இருக்கறதும் நமக்குத்தான்” என்றான் அமீர், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவன் மனைவி ராபியா சங்கிலியை வாங்கித் துடைத்துப் பார்த்தாள். “பீரோவுக்குத்தானே வெல பேசுனோம்? இதுக்கா பேசுனோம்? அந்தம்மா பேரு வீரம்மா. இது உள்ள கெடக்கறது தெரிஞ்சிருந்தா வித்திருப்பாங்களா?”

“தெரியாதவங்ககிட்டப் போயி எதுக்குச் சொல்லோணும்?”

அவள் சங்கிலியைத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீரம்மாவும் அவள் கணவன் மாரிச்சாமியும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே வயதாகிவிட்டது. வேலை முடிந்து, எஸ்டேட் வீட்டைக் காலி செய்து, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகனிடம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள்.

ராபியா சிரித்துக்கொண்டே சங்கிலியை எடுத்து நீட்டினாள். “உங்க பீரோக்குள்ள கெடந்ததுங்கம்மா. லாக்கருக்குப் பின்னாடி விழுந்திருக்கு.”

வீரம்மாவின் கை தானாக முன்னால் வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு மருதாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஏன் வீரம்மா, பேச்சி எடுத்துட்டான்னு சொன்னியே, அந்தச் சங்கிலியில்ல இது?”

நீண்ட கை அப்படியே நின்றது. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகப் போய்விட்டது.

“இது என்னோடது இல்ல.”

“‘வீ’ன்னு போட்டிருக்குங்களே.”

“‘வீ’ன்னா நான் ஒருத்திதானா? அந்த பீரோவே நாங்க ஒரு கங்காணிகிட்ட பழசா வாங்குனது. அவங்க ஊட்டுதா இருக்கும்.” அவள் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராபியா பஸ்ஸுக்கு நின்றபோது மாரிச்சாமி பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

“அவளோடதுதாம்மா. அவ ஆத்தா சிலோன்ல, பதுளையில போட்டு அனுப்புனது.”

“அப்புறம் ஏனுங்க இல்லேங்கறாங்க?”

பேச்சி அவருடைய தங்கை. கூடவே கப்பலில் வந்தவள். சங்கிலி காணாமல் போன அன்று வீட்டில் இருந்தது அவள்தான். வீரம்மா அவள் பெட்டியைத் தெருவில் கொட்டினாள். எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள் பேச்சி. யாரும் நம்பவில்லை. ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவன் வீட்டாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“நீங்க நம்புனீங்களா?” என்று கேட்டாள் ராபியா.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நானுந்தான் அடிச்சேன்” என்றார். “மசினகுடியில ஒரு லாட்ஜ்ல சமைக்கிறாளாம். இத அவகிட்டக் குடுத்திருங்கம்மா. பட்ட பாட்டுக்கு அவளே வச்சுக்கட்டும்.”

“நீங்களே போய்க் குடுக்கலாமில்லீங்க?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?”

கல்லட்டி வழியாக இறங்கும் பஸ்ஸில் ராபியா மசினகுடி போனாள். லாட்ஜின் பின்கட்டில் சுற்றுலா வந்தவர்களுக்குக் கோழி அரிந்துகொண்டிருந்தாள் பேச்சி. நாற்பதைத் தாண்டிய மெலிந்த உருவம். வந்த விஷயத்தைச் சொல்லிச் சங்கிலியைக் காட்டியதும் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள். தொடாமலே குனிந்து பார்த்தாள்.

“பீரோக்குள்ளயா?”

“ஆமாங்க்கா. இடுக்குல.”

“அண்ணன் வரலையா?”

“உங்களையே வச்சுக்கச் சொன்னாரு.”

பேச்சியின் முகம் கோணியது. சிரிக்கிறாள் என்றுதான் ராபியா முதலில் நினைத்தாள்.

“இத நான் வாங்கிக்கிட்டேன்னா, எடுத்தவ நாந்தான்னு ஆயிரும். அன்னிக்கு எடுக்கல. இன்னிக்கு எடுத்துக்கவா?” அவள் குரல் உயரவில்லை. “எனக்குத் தங்கம் வேணாங்க. நான் கற்பூரம் அணைச்ச அதே எடத்துல, நாலு பேரு கேக்க, ‘எந்தங்கச்சி எடுக்கல’ன்னு அவரு சொல்லட்டும். அதுபோதும். போய்ச் சொல்லுங்க.”

கிளம்பும்போது ராபியா கேட்காமலே லாட்ஜின் போன் நம்பரைச் சொன்னாள்.

ராபியா மறுபடி கீழ் கோத்தகிரி போனபோது அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. முந்தின நாளே லாரி போய்விட்டதாக மருதாம்பாள் சொன்னாள்.

“ஒருத்தி இல்லேன்னுட்டா, ஒருத்தி வேண்டான்னுட்டா. இன்னும் யார்கிட்டப் போவே?” என்றான் அமீர். ராபியா சங்கிலியைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். விற்கவும் விடவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம் வாட்டசாட்டமான ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். வீரம்மாவின் மகன் காளிமுத்து என்று சொல்லிக்கொண்டான்.

“பீரோவுல அம்மாவோட சங்கிலி ஒண்ணு இருந்துச்சாமுங்க. பீரோவத்தான் வித்தோம், சங்கிலிய விக்கல.”

“இதே பேச்ச நானும் பேசுனேன் தம்பி” என்றாள் ராபியா. “கையில கொண்டுபோய் நீட்டுனேன். என்னோடது இல்லேன்னாங்க உங்கம்மா.”

“அன்னிக்கு ஆளுக இருந்தாங்களாமா. அதனாலதான்.”

“அந்த ஆளுக முன்னாடிதான் இப்பவும் சொல்லோணும். உங்க அத்தை பேச்சிக்கு முன்னாடி சொல்லோணும். சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க.”

அவன் புரியாமல் பார்த்தான். “அத்தையா? அவங்க நான் சின்னப் பையனா இருக்கறப்பவே செத்துட்டாங்களே.”

ராபியா அவன் பக்கம் திரும்பினாள். “யாரு சொன்னது?”

“அம்மாதான்.”

“மசினகுடியில கோழி அரிஞ்சுக்கிட்டு உசுரோட இருக்காங்க. இந்தச் சங்கிலிய எடுத்ததாச் சொல்லித்தான் அடிச்சுத் துரத்துனாங்க.”

காளிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அழைத்தால் இப்போதே அவனை மசினகுடி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ராபியாவுக்குத் தோன்றியது. எழுந்தபோது அவன் முகத்தில் வேறு கணக்கு வந்திருந்தது.

“எனக்கு ஆவணியில கல்யாணமுங்க. இதத்தான் தாலிக்கொடியா அழிச்சுச் செய்யறதாப் பேச்சு. இப்பப் போயி இதக் கெளறுனா பொண்ணு ஊட்டுல என்ன நெனைப்பாங்க? பெரியவங்க விஷயம். எனக்கெதுக்குங்க?” வாசலைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டான். “குடுக்க மாட்டேன்னா ஸ்டேஷன்லதான் சொல்லோணும்.”

பழைய சாமான் கடைக்காரன் போலீஸ் வாசல்படி மிதிக்க முடியுமா? அமீரே உள்ளே போய்ப் பானையிலிருந்து முடிச்சை எடுத்து வந்தான். காளிமுத்து அதைப் பிரித்து, காசைத் திருப்பி ‘வீ’யைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அரிசி மாவு படிந்த துணி கடை வாசலில் கிடந்தது.

“சட்டப்படி அவங்களோடதுதான் ராபியா. நீயே சொன்னதுதானே” என்றான் அமீர். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான். அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

மறுநாள் பூத்துக்குப் போய் லாட்ஜுக்குப் போன் போட்டாள். பேச்சியைக் கூப்பிட்டு வர நேரமானது.

“வந்தாங்களா?” மூச்சிரைக்கக் கேட்டாள் பேச்சி.

“அவங்க பையன் வந்தாருங்க்கா. சங்கிலிய வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“காளிமுத்தா? இடுப்புலயே தூக்கிட்டுத் திரிவேன் அவன.” “என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?”

ராபியா ஒயரை விரலில் சுற்றினாள். “இல்லீங்க்கா” என்றாள்.

மறுமுனையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. யாரோ பேச்சியின் பேரைச் சொல்லி அதட்டினார்கள்.

“சரிங்க. ஆளு வந்திருக்கு, சோறு போடணும்” என்று பேச்சி போனை வைத்துவிட்டாள்.