பல்லிவால் விரல்

அச்சகத்தில் அவனை முக்கால்விரல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் காகிதம் வெட்டும் மெஷின் அவன் வலது ஆள்காட்டி விரலின் நுனியை வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் அதே மெஷினில்தான் வேலை, கடித்த நாயோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி.

அன்று காலை அவன் மேசைக்கு ஒரு புதுச் சித்திரக்கதைப் புத்தகம் வெட்டுக்கு வந்தது. ஓரம் தட்டி அடுக்கும்போது ஒரு பக்கம் விரிந்துகொண்டது. கப்பலின் எஞ்சின் அறையில் ஒருத்தன் குனிந்து ஸ்பானரைப் பிடித்திருந்தான். பிடித்த கையில் ஆள்காட்டி விரல் மொட்டை. நுனியில் சதை மடிந்து, தையல் போட்ட இடத்தில் சின்னக் குழி.

அவன் தன் கையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். தன் கையேதான். ஆனால் படத்தில் அது இடது கையாக இருந்தது.



அந்தக் கையை வரைந்தவள் அவன் தங்கச்சி. தையல் கடையில் சட்டை தைக்கிறவள். கடைக்குக் கிளம்பும்முன் சமையல் மேடையில் பலகையைப் போட்டுக்கொண்டு வரைவாள்.

"அண்ணே, கைய ஆட்டாத."

"பல்லு தேய்க்க விடுறியா?"

"இன்னொரு கை எதுக்கு இருக்கு? அதால தேயி."

இப்படி இரண்டு வருடம், நாற்பத்திரண்டு பக்கம்; கதையும் அவளுடையதுதான். அவன்தான் கொண்டுபோய், அச்சகத்தோடு பதிப்பகமும் நடத்துகிற முதலாளியிடம் கொடுத்தான். நாலு மாதம் கழித்து, "நம்ம வாசகருக்கு ஒத்துவராதுப்பா" என்று கட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் நாலு மூலையில் டேப் பசை பிசுபிசுத்தது. பின்பக்கம் எதற்கு ஒட்டினார்கள் என்று அண்ணன் தங்கை இருவருக்கும் அப்போது விளங்கவில்லை.

இப்போது விளங்கியது. தாளைக் குப்புறப் போட்டு, அடியில் விளக்கெரியும் கண்ணாடியில் ஒட்டி, மேலே வேறு தாளை வைத்துக் கோட்டுக்குக் கோடு இழுத்திருக்கிறார்கள். இடத்தை வலமாக்கினால் திருட்டு தெரியாது என்று நினைப்பு. தனியாக வெட்டுக்கு வந்திருந்த அட்டையின் அடியில், 'கதையும் சித்திரமும்' என்று தடித்த எழுத்தில் பெரிய ஓவியரின் பெயர்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தையல் கடைக்கு ஓடினான். தங்கச்சி அழவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"சட்டப்பையப் பாருண்ணே, வலப்பக்கம் இருக்கு. பொத்தானும் பொம்பளச் சட்ட மாதிரி. எந்தத் தையக்காரன் ஆம்பளைக்கு இப்படித் தைப்பான்?" அடுத்த பக்கத்தில் விரல் வைத்தாள். "இது நான் வரையல. விரல் போற பக்கத்த எடுத்துட்டு அந்த ஓவியரே போட்டது. அஞ்சு விரலும் முழுசா இருக்கு. அடுத்த பக்கம் மறுபடி மொட்ட. மூணு பக்கத்துக்கு ஒரு தடவ முளைக்க இதென்ன பல்லி வாலா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கையைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தொடவே கூசுதுண்ணே. நம்ம உள்துணிய எவனோ போட்டுக் கழட்டிக் குடுத்த மாதிரி இருக்கு. எனக்கு வேற எதுவும் வேணாம். அது மேல என் பேரு இருக்கணும்."

அவன் அச்சகத்துக்குத் திரும்பியபோது முதலாளி அறையில் ஓவியரும் உட்கார்ந்திருந்தார். விரலை நாக்கில் எச்சில்படுத்திப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த எச்சில் தங்கச்சியின் கோட்டின் மேல் மினுங்கியது.

"இது என் தங்கச்சி வரைஞ்சது முதலாளி."

"யார்கிட்டப் பேசறோம்னு தெரிஞ்சு பேசு" என்றார் முதலாளி.

ஓவியர் கோபப்படவில்லை. "எல்லாரும் பார்த்துத்தாம்பா வரையறோம். கை யாருக்காவது சொந்தமா?"

அவன் வலது கையை மேசைமேல் வைத்தான். "இது எனக்குச் சொந்தம்ங்க. சரி, உங்க கதையில இவனுக்கு விரல் எப்படிப் போச்சு? சொல்லுங்க."

"எந்த விரல்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "மடக்கிப் பிடிச்சிருக்கான். அவ்வளவுதானே?"

விபத்து நடக்கிற பக்கத்தைத் தேவையில்லை என்று தூக்கி எறிந்த மனிதருக்கு, தான் எதைத் திருடினோம் என்றுகூடத் தெரியவில்லை.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "கடைசிப் பக்கத்துல 'உதவி'ன்னு தங்கச்சி பேரப் போட்டுடலாம்ப்பா, அடுத்த பதிப்புல. இப்ப அட்டைய வெட்டு. மத்தியானம் வண்டி வருது."

ஓவியர் எழுந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தர் வாசனை சட்டையில் அப்பிக்கொண்டது.

அவன் மெஷினுக்குப் போனான். மூவாயிரம் அட்டை. கட்டை அடுக்கி, அளவுச் சட்டத்தை முக்கால் விரற்கடை உள்ளே தள்ளிக் கத்தியை இறக்கினான். ஓவியரின் பெயர் நீள நீளத் துண்டாகக் கழிவுக்கூடையில் விழுந்தது. அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு.

கூடை நிரம்பிய பிறகுதான் முதலாளி வந்து பார்த்தார். பின்னாலேயே ஓவியரும் வந்தார்.

"அடப்பாவி! என்னய்யா இது?"

"அளவு தப்பிடுச்சு முதலாளி."

"எவ்வளவு?"

"முக்கா விரல்."

முதலாளி கூடைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் படித்தார்.

"எப்படியும் அட்டைய மறுபடி அச்சடிச்சுத்தானே ஆகணும்" என்றான் அவன். "வரைஞ்சவ பேரப் போடுங்க, வெட்டித் தரேன். இல்ல, வேற ஆளப் பாத்துக்கங்க."

முதலாளி அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடலாமா?"

அவன் கூடையிலிருந்து துண்டுகளை இரு கையாலும் அள்ளி ஓவியரின் கையில் திணித்தான்.

"இவர் பேரு இங்கயே நிறைய கிடக்கு. எடுத்துட்டுப் போகட்டும்."

பிறகு குழாயடிக்குப் போய்ச் சட்டையின் தோள்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். அத்தர் வாசனை லேசில் போகவில்லை.