கரண்ட் திரும்பும் வரை

பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையில் பொன்னுதுரை ஏணிமேல் நின்று மின்விசிறியை மாட்டி முடித்தான். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். இறக்கை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. தெருவிலிருந்த விளக்குகளும் அணைந்தன.

"உன் விசிறி ஊருக்கே கரண்டை நிறுத்திடுச்சே," என்றார் கடைக்காரர்.

சிரிக்க வாய்திறந்தவனுக்கு மசாலா மில்லில் வேலை செய்யும் ரஹீமாக்கா நினைவுக்கு வந்தாள். வாய் அப்படியே நின்றது.

மெர்டேக்கா என்று கொண்டாடிய சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அது. கரண்ட் அடிக்கடி போய்வரும். ஊரின் மறுபக்கம் காஜா பெராங்கில் யூனுஸ் ராவுத்தரின் மசாலா மில்லில், கரண்ட் திரும்பும் ஒவ்வொரு முறையும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் தூள் கலக்கும் மெஷின் ஓடும். "அதுவா ஓடணும், தம்பி. ஒரு வழி பண்ணு," என்றார் ராவுத்தர். நேற்று பொன்னுதுரை வழி பண்ணினான். பொத்தானைக் கழற்றிவிட்டு, போட்டது போட்டபடி நிற்கும் சுவிட்சை வைத்தான். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றிக் காட்டினான். தொட்டிக்குள் கத்திகள் தாமாகவே சுழன்றன. ராவுத்தர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் ரஹீமாக்கா மிளகாய்ச் சாக்கோடு உள்ளே வந்தாள். மில்லில் தொட்டியைச் சுத்தம் செய்வது அவள்தான்.

"இந்த மெஷினை எனக்கு எப்ப பிடிக்கும் தெரியுமா? கரண்ட் போனா. மத்த நேரம் முதலாளி நிறுத்த விடமாட்டார். கரண்ட் போனாத்தான் தோள்வரைக்கும் கையை விட்டு, ஒட்டின தூளைச் சுரண்டுவேன்."

அவன் திருகாணியை முறுக்கியபடியே தலையாட்டினான். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

இப்போது கரண்ட் போய்விட்டது. மெஷினின் பச்சை விளக்கும் அணைந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது செத்த மெஷின். ஆனால் ஓடச் சொன்ன கட்டளை சுவிட்சில் அப்படியே இருக்கிறது. இருக்கிறது என்று காட்ட அவன் எதையும் வைக்கவில்லை.

கடைத் தொலைபேசியில் மில்லைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை. ராவுத்தரும் மற்ற ஆண்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள். தொலைபேசி இருக்கும் ஆபீஸ் அறை பூட்டியிருக்கும்.

சைக்கிளில் ஏறினான்.

வழியில் இருந்த ஒவ்வொரு காப்பிக்கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தான். விசிறி அசையாமல் தொங்கியது. அது அசையாத வரைக்கும் ரஹீமாக்காவுக்குக் கை இருந்தது. ஒரு கடையில் இறக்கை லேசாக ஆடியது. அவன் பிரேக்கைப் பிடித்தான். காற்றுத்தான். ஒரு லாரிக்காரன் தலையை நீட்டித் திட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நாழிகை கரண்ட் போனாலே சபிக்கிறவன், இன்று முழுவதும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே மிதித்தான்.

மில் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

ரஹீமாக்கா தொட்டிமேல் கவிழ்ந்திருந்தாள். தலையும் ஒரு தோளும் வெளியே தெரியவில்லை.

"அக்கா, கையை எடுங்க."

"இந்தா முடிஞ்சிடுச்சு." குரல் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. "ஏன் இப்படி மூச்சு வாங்குறே? நாய் துரத்துச்சா?"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இறக்கினான். இறக்கிய பிறகும் விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

எதிரே முடிவெட்டும் கடையில் விளக்கு பளிச்சென்று எரியத் தொடங்கியது.

தலையை நிமிர்த்திய ரஹீமாக்கா அந்த விளக்கைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை வெளியே எடுத்தாள். தோள்வரை மிளகாய்ச் சிவப்பு.

"வந்த உடனே ஓடியிருக்குமா?"

"ஆமாக்கா."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"ராவுத்தர்கிட்ட சொன்னேன்."

"அவரா இதுக்குள்ள கை விடுறார்?"

அவன் திருப்புளியை எடுத்துச் சுவிட்சைக் கழற்றத் தொடங்கினான்.

தொழுகை முடிந்து வந்த ராவுத்தர் வாசலிலேயே கேட்டார்: "ஊரெல்லாம் கரண்ட் வந்துடுச்சு, இங்க ஏன் ஓடலை? நீ செஞ்சது வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது, முதலாளி. அதான் கழட்டுறேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். ரஹீமாக்காவின் கை கண்ணில் பட்டது. ஒரு கணம் அதை ரத்தமென்று நினைத்து முகம் வெளிறினார். பிறகு வழிவிட்டு நின்றார்.

பழைய பொத்தானையே திரும்ப மாட்டினான். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. அழுத்தினான், மெஷின் ஓடியது. மெயினை இறக்கினான், நின்றது. ஏற்றினான். மெஷின் அசையவில்லை.

"பாருங்கக்கா. இனிமே நீங்க அழுத்தினாத்தான் ஓடும்."

வாசலுக்கு நகர்ந்துவிட்ட ரஹீமாக்கா உள்ளே வரவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை செய்," என்றாள்.

செய்தான்.

"இன்னொரு தடவை."