வண்டலோடு இருந்த ஃபிர்மாங்

ஃபிர்மாங் பொக்லே நிலவறைக்குள் இறங்கியபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்த நிலவறையின் ஷாம்பெயின் விற்பனைக்கு வந்தபோதும் அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான். மனைவி ஜினெத்துக்கு எழுபத்து நான்கு, மகள் மிரேய்க்கு நாற்பத்தேழு. எங்கள் வெர்லோன் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. விற்பனை நடந்த வருஷம் திராட்சையில் பூஞ்சை விழுந்திருந்தது. பேச அதுவே போதுமானதாக இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடையை எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்வார்கள். பழம் அவ்வளவு இனிப்பு. தின்ற குளவிகள் பறக்க முடியாமல் கொடிக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டன. அந்த அறுவடையின் ஒயினைத்தான் ஃபிர்மாங் பாட்டிலில் அடைத்து, மாமனார் வீட்டுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில் மரச் சட்டங்களில் தலைகீழாக அடுக்கினார். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே தன் வண்டலோடு, அதாவது புளித்து அடங்கிய ஈஸ்ட் கசடோடு, கிடக்க வேண்டும். வண்டல் கழுத்தில் தங்கியிருக்கும்வரை ஒயினுக்கு வயதாகாது, சுவைதான் ஏறும். தக்கையைக் கழற்றி வண்டலைப் பீறிட்டு வெளியேற விட்ட கணத்திலிருந்து அதற்கு வயசு ஓட ஆரம்பிக்கும். அதை எப்போது செய்வது என்று தெரிவதுதான் எங்கள் தொழில். மற்றதெல்லாம் சுமை தூக்குவது.

ஏழாவது வருஷம் வசந்தத்தில், கூரை ஒழுகுகிறது, விற்றுவிடலாம் என்றாள் ஜினெத். வியாபாரியும் வந்து வாசலில் நின்றார். ஃபிர்மாங் ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் ஆகல" என்றார். வியாபாரி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜினெத்துக்கு வந்ததே கோபம். அது ஆகிறவரைக்கும் நீயும் போய் அதோடேயே கிட என்று கத்தினாள். எங்கள் ஊரில் எல்லா மனைவிமாரும் சொல்வதுதான். ஆனால் ஃபிர்மாங் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற மனிதர். ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

முதலில் கவனித்தவர் முடிதிருத்துபவர். இறங்கி வெட்டிவிடப் போனவர், வெட்டுவதற்கு ஒன்றும் வளரவில்லை என்று கத்தரிக்கோலோடு திரும்பிவந்தார். டாக்டர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கீழேயுள்ள குளிர்ச்சி ஒத்துக்கொள்கிறது என்றார். இதற்கு எதிராகச் சபையில் விதி எதுவும் இல்லை என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோதெல்லாம் நகராட்சிக்காரர்கள் பழைய போட்டோவையே ஒட்டினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்ததும், ஃபிர்மாங் ஒரு பாட்டிலின் வண்டலை வெளியேற்றிவிட்டு ஒயினைச் சுவைத்துப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் அவர் தலையில் ஒரு முடி நரைக்கும். ஒரு பாட்டிலுக்கு ஒரு நரை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆகவில்லை என்று படிக்கட்டு வழியாகக் குரல் கொடுப்பார்.

ஜினெத் தினமும் சூப்பு எடுத்துக்கொண்டு இறங்குவாள், பல நாள் அங்கேயே தங்கிவிடுவாள். அவளுக்கு ஐம்பது வயதானபோது ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்து வயிறெரிந்தார்கள். அவளும் கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான் நடந்தாள், பொய் சொல்வானேன். அறுபதைத் தொட்டபோது அது உறுத்த ஆரம்பித்தது. இறங்குவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு போவாள். மிரேய் கல்யாணம் தள்ளிப்போட்டுக் கடைசியில் நாற்பதில் செய்துகொண்டபோது ஃபிர்மாங் அரைநாள் மேலே வந்தார். போட்டோக்காரன் அவரை மாப்பிள்ளையின் நண்பர்கள் வரிசையில் நிற்க வைத்தான். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டு, அம்மாவைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். ஜினெத் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, விருந்துக்குப் போட்ட செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

அப்புறம் அவள் முழங்கால் போயிற்று. செங்குத்தான படி, சுண்ணாம்பு ஈரம், இறங்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்று வருஷம் அவள் மேல்படியில் உட்கார்ந்து பேசினாள், அவர் அடிப்படியில் நின்று பதில் சொன்னார். சூப்பைக் கயிறு கட்டி இறக்கினாள். நீ மேலே வந்து இரேன் என்று அவள் கேட்காத நாளில்லை. பாட்டில்களைக் கவனிக்க ஆளில்லை என்று அவர் சொல்லாத நாளும் இல்லை. நிலவறை அவள் அப்பாவுடையது, ஆகவே அவளுடையது. ஒரு காலையில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாரிஸிலிருந்து ஏலக்காரரை வரவழைத்தாள்.

முசியே ரூஸ்லோ என்ற அந்த மனிதர் மெல்லிய தோல் செருப்போடு வந்து படியில் இரண்டு முறை வழுக்கினார். ஃபிர்மாங் கொடுத்த கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனார், குடித்தார், அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷம் வண்டலோடு கிடந்த ஷாம்பெயின் உலகத்தில் எங்கேயும் இவ்வளவு இல்லை என்றார். இதன் வண்டலை எடுக்கக் கூடாது, இப்படியே சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள், ஜெனீவாவில் ஒரு குளிர்ந்த அறையில் இன்னும் ஒரு தலைமுறை கிடக்கட்டும் என்றார். காவலுக்குப் பழகிய ஆள் இருந்தால் இன்னும் விசேஷம், முசியே பொக்லேயும் கூடவே வரலாம், தங்க இடம் தருவார்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஃபிர்மாங்குக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பொறுத்திருப்பதன் அருமை தெரிந்த ஒரு மனிதரை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். போகலாம் போலிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொன்னார்.

ஜினெத் மேல்படியில்தான் இருந்தாள். மிரேயும் பக்கத்தில் நின்றாள். ஜினெத் சத்தம் போடவில்லை.

"போறதுன்னா போ. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போ. சின்ன வயசுப் புருஷன்கூட நான் வாழ்ந்தது போதும் ஃபிர்மாங். எனக்கு ஒரு கிழவன் வேணும்."



"வண்டல எடுத்துட்டா இவ்வளவு பழசு தாங்காது ஜினெத்," என்றார் ஃபிர்மாங். "ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் சட்டுன்னு இறங்கிடும். எனக்குத் தெரியும்."

"எனக்கும் அவ்வளவுதான் மிச்சம். அதுக்கப்புறம் நீ இருந்து என்ன பண்ணப் போற, பாட்டிலுக்குத் தாலாட்டா?"

ரூஸ்லோ தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டலை எடுத்தால் விலை பாதியாகிவிடும் என்று நினைவூட்டினார். பாதியே போதும் என்றாள் ஜினெத். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற ஃபிர்மாங், இடுக்கியைத் தேடி எடுத்துத் தோல் ஏப்ரனைக் கட்டினார். பயந்திருந்தார். முதல் பாட்டிலை எடுத்துத் திரும்பச் சட்டத்திலேயே வைத்தார், மறுபடி எடுத்தார்.

பிறகு கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, தக்கையைப் பிடித்திருந்த கவ்வியை நெம்பி, தக்கை கழலும் கணத்தில் கழுத்தை மேலே திருப்பி, வண்டல் பாய்ந்ததும் கட்டைவிரலால் அடைத்தார். குறைந்ததை அதே ஒயினால் நிரப்பி, கீழே இறங்கி வந்திருந்த மிரேய் புதுத் தக்கை அடித்தாள். வேறு வழியில்லாமல் ரூஸ்லோவும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தக்கைகளின்மேல் கம்பி முறுக்கினார். ஒவ்வொரு டப்புக்கும் ஃபிர்மாங்கின் தலையில் ஒரு நரை, கொஞ்சம் போனதும் கண்ணோரத்தில் ஒரு சுருக்கம். நடுப்பகல் வாக்கில் மகளின் வயதைத் தாண்டினார். வளர்ந்த நாளிலிருந்து அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்த மிரேய், அதற்கப்புறம்தான் கூச்சமில்லாமல் "அப்பா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்து ரொட்டி தின்றார். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டில் வலு போய்விட்டது, கடைசி வரிசையை மிரேய் பிடித்துக்கொடுக்க அவர் இடுக்கியை மட்டும் போட்டார். எல்லாம் முடிந்தபோது எழுபத்தேழு வயது மனிதர் ஒருவர் வெற்றுச் சட்டங்களுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினார். மாசு மருவில்லாத வேலை என்று ரூஸ்லோ தொப்பியைத் தொட்டார்.

மேலே ஏற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் நின்றார். ஜினெத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் வருவதை முழுக்கப் பார்த்தாள். கை கொடுக்க அவளால் இறங்க முடியாது, அவசரப்படுத்தவும் இல்லை. வந்து சேர்ந்ததும் நகர்ந்து அவருக்குப் படியில் இடம் விட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அவர் ஒவ்வோர் இடமாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் என்ன தைலம் என்று சொன்னாள். மிரேய் சூப்பைச் சுடவைக்கப் போனாள்.

பாட்டில்கள் பாரிஸுக்குப் போயின, கூரையும் ஒருவழியாகச் சரியாயிற்று. ஊரில் யாரும் ஃபிர்மாங்கிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு மேலோடு முறுகாத ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைத்தார். வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் இரண்டு பேரும் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரேயுள்ள பெஞ்சில் வந்து உட்காருவார்கள். ஃபிர்மாங் கொஞ்ச நேரம் கொடிகளைப் பற்றி ஏதாவது குறை சொல்வார், பிறகு வாயைத் திறந்தபடி அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போவார். அந்தப் பக்கம் ட்ராக்டர் ஓட்டிக்கொண்டு வருகிற பையன்களை ஜினெத் கையைக் காட்டி நிறுத்துவாள்.

"கிழவன் தூங்குறாரு," என்பாள். "மெதுவா போங்கப்பா."

அவர்களும் மெதுவாகப் போவார்கள்.