கம்பி தட்டிய அடி

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை அக்கா வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாக வந்தது. "வாழ்க்கை ஒரு நதி" என்று தொடங்கத்தான் எனக்கு ஆசை. பின்னால் நின்று படித்த அக்கா, நதி ஒன்றும் வரவில்லை, சாக்கடைதான் வந்தது, ஒழுங்காக எழுது என்றாள். பெட்டியோடு வந்து என் வீட்டில்தான் இருக்கிறாள்.

2
அத்தான் பாதாளச் சாக்கடை மேற்பார்வையாளர். மேன்ஹோல் மூடியைத் திறந்து இரும்புக் கம்பியை இறக்குவார். 'சதக்' என்றால் சேறு. 'டொக்' என்றால் குழாயின் அடி தட்டிவிட்டது, உள்ளே காலி. குளித்த தண்ணீர் இறங்கவில்லை என்று அக்கா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் வீட்டு வாசல் மேன்ஹோலில் கம்பியை விட்டார். டொக். உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

(கொஞ்சம் பாடம், தூங்கிவிடாதீர்கள். கழிவுநீர் மெதுவாக ஓடினால் முதலில் மணல் படியும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் மறுபடி மணல். வருஷக்கணக்கில் இறுகி சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். அத்தானின் கம்பி தட்டியது அதைத்தான். பாதிக் குழாய் அடைத்துக் கிடந்தது. இதில் குறியீடு தேடுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடவும்.)

3
பெருமழை. சாக்கடை வீட்டுக்குள் ஏறியது. அக்கா வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். வந்ததும் சொன்னது ஒன்றுதான்: "நான் அடியத் தொட்டுப் பாத்தேனே."

அதற்காகத்தான் அவள் கிளம்பினாள். சாக்கடைக்காக இல்லை.

[அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். 'அவர் கொடூரமாகச் சிரித்' — சரிவராது. மனுஷனுக்குச் சிரிக்கவே வராது.]

4
முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்கிறார், அக்கா அவரோடு திரும்பிப் போகிறாள். படித்த அக்கா, செருப்பு பிஞ்சிடும் என்றாள். முடிவு இரண்டு: அவள் திரும்பிப் போகவேயில்லை. இதைப் படித்தவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டாத அக்காவை நான் பார்த்ததே இல்லை.

5
இப்போது அத்தான் வாசலில் நிற்கிறார். குழாயிலிருந்து வெட்டியெடுத்த படிவுத் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் ஏந்தியிருக்கிறார். கதவைப் பார்த்துச் சொல்கிறார்:

"அடின்னு நெனச்சுட்டேன். அடி இல்ல. இன்னும் என்னென்ன இருக்குன்னு நீ சொல்லு. நடுவுல பேசமாட்டேன்."

அக்காவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. "நீதானடா எழுதுற. தொறக்கவா?" என்கிறாள்.

நானும் இந்தக் கதைக்குள் பேனாவை விட்டுப் பார்த்தேன். டொக் என்றது. அதுதான் அடி என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. கதவைத் திறக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். துண்டு நாறுகிறது, மனுஷன் அதைக் கீழே வைக்காமல் நிற்கிறார்.