கூடத்தின் இம்பிடென்ஸ்

ஆம்ப்ளிஃபயர் அக்காவின் குரல், கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு, புகுந்த வீட்டின் கூடத்தில் மட்டும் கேட்காமல் போனது. சமையலறையில் கேட்டது, மாடியில் கேட்டது, தெருமுனையில் அவள் நடத்திய ஆடியோ ரிப்பேர் கடையில் கணீரென்று கேட்டது. கூடத்துக்குள் காலை வைத்தால் உதடு அசையும். சத்தம் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். அந்த வீட்டின் முடிவுகள் எல்லாம் கூடத்தில்தான் எடுக்கப்பட்டன. எடுத்தவர் கணவனின் அண்ணன், பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர்.

பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது. அவளைக் கேட்காமல் மகளுக்குப் பெயர் வைத்தார்கள், மாடியறையை வாடகைக்கு விட்டார்கள், அவளுடைய வேலை மேசையைத் தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஏதோ சொன்னாள். குறை அவளிடம்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அடக்கமாகப் பேசச் சொன்னார்கள், பிறகு சத்தமாகப் பேசச் சொன்னார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வாரம், படித்தது போதும், டிப்போ மேலாளரின் மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அக்கா வேண்டாம் என்றாள். பதினேழு தடவை சொன்னாள். உதட்டசைவைப் பார்த்து மகள் எண்ணினாள்.

மறுநாள் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். புது டேப் டெக்கைத் தன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, டெக் மட்டமானது என்று குறைப்பட்டார். டெக்கில் தப்பில்லை என்றாள் அக்கா. கொடுக்கிற பக்கத்தின் இம்பிடென்ஸைப்போல, அதாவது சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பைப்போல, வாங்குகிற பக்கத்துக்குப் பத்து மடங்காவது இருக்க வேண்டும்; குறைந்தால், வருகிற சிக்னலை அது அமுக்கிவிடும். ஆயிரம் பேருக்குச் சொன்ன விஷயம்தான். அன்று சொல்லி முடித்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு முனையை நாக்கின் அடியில் வைத்துத் தன் குரலை அளந்தாள்: அறுநூறு ஓம், நல்ல டெக்கில் இருக்கும் அளவு. கூடத்துச் சுவரை அளந்தாள்: எட்டு ஓம். மூன்று முறை அளந்தும் எட்டுதான். கணவன் சமையலறைக்கு வந்து, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி சின்னதாக ஏதாவது செய்துகொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நான் எதையும் மாட்டிக்க மாட்டேன். கோளாறு கூடத்துல. அங்கதான் மாட்டுவேன்.”

சோப்புப் பெட்டி ஒன்றுக்குள் ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்து, சிக்னலை அமுங்கவிடாமல் கடத்துகிற பஃபர் ஒன்று கட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்து வாசல் சட்டத்தில் நாலு திருகாணி போட்டு முறுக்கினாள்.

முதலில் வெளியே வந்தது பழைய பேச்சு. சுவர்கள் அமுக்கி வைத்திருந்த பதினெட்டு வருஷப் பேச்சும் வரிசை மாறாமல் வந்தது. நாலு நாள் ஆனது. அதற்கு நடுவிலேயே எல்லோரும் சாப்பிட்டார்கள், துணி மடித்தார்கள், வேலைக்குப் போய் வந்தார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் சுவர்கள் ஓய்ந்தன. அக்கா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“மாமா, அவ படிப்பா. மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

“நானும் வேணாம்னுதாண்ணே சொன்னேன்,” என்றார் தம்பி. “அன்னைக்கே சொன்னேன்.”

அவர் குரலும் கூடத்தில் இத்தனை நாள் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிப் போன மறுநாள், அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைக் கழற்றினார். அக்கா தடுக்கவில்லை, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவும் கேக்குதா மாமா?”

“கேக்குது,” என்றபடி அவர் இறங்கினார்.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் முடிவாக ஒரு வாரம் பிடிக்கிறது.